ஓடி வரும் காட்சிக்கு ஒரு பாட்டு

"ஹலோ... ஹலோ? யாரு?... கொஞ்சம் சத்தமா பேசுங்க, இங்க ஒரே இரைச்சல்... திலீப்பா?... எந்த திலீப்?"

எந்த திலீப் என்பது உமாமகேஸ்வரிக்கு நன்றாகவே தெரியும். எதிர்முனை வாயைத் திறந்த உடனேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் இத்தனை வருஷமாக ஒரு போன்கூடப் பண்ணாத மனுஷனுக்கு, குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது என்ற சந்தோஷத்தைத் தூக்கிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. தேக்கா சந்தையின் சாப்பாட்டுக்கடைப் பகுதியில், சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே அரை மேசையைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். காலடியில் காய்கறிப் பை, எதிரில் ஒரு தே ஆலியா, அதாவது இஞ்சி மணக்கும் டீ.

"ஓ... பேண்ட் திலீப்பா! சொல்லு சொல்லு... இல்ல, எனக்கு நாலஞ்சு திலீப் தெரியும், அதான் குழப்பம். ஒருத்தர் ஏர்கான் சர்வீஸ் பண்றவர். சொன்ன நேரத்துக்கு வருவாரு. அவரோன்னு நினைச்சேன்... ஆமா... ஆமா, நல்லாத்தான் இருக்கேன்... நீ?... ஓ, சென்னையிலேர்ந்து வந்திருக்கியா... படமா? இங்கயா ஷூட்டிங்?... முடிஞ்சே போச்சா? வாழ்த்துகள் லா. சிங்கப்பூர் வந்து ஒரு முழுப் படத்தையும் எடுத்து முடிச்சிட்டு, மிச்சம் இருக்கிற நேரத்துல எனக்கு போன் பண்ணியிருக்க. பெரிய மனசு."

ஒரு காலத்தில் 'ஏழாவது மாடி' என்று ஒரு பேண்ட் இருந்தது. திலீப் பாட்டும் கிட்டாரும், இளமாறன் டிரம்ஸ், உமாமகேஸ்வரி பேஸ் கிட்டாரும் பாட்டு வரிகளும். அந்த நாளில் சிங்கப்பூரில் தமிழில் ஆல்டர்னேட்டிவ் ராக் வாசித்தவர்கள் மூன்றே பேர் என்று சொன்னால் அது மிகை. கேட்டவர்கள் மூன்றே பேர் என்று சொன்னால் ஓரளவு சரியாக இருக்கும். பிறகு திலீப் சினிமாவுக்கு இசையமைக்கச் சென்னைக்குப் போனான். இளமாறன் கப்பல்துறையில் இன்ஜினியர் ஆனான். உமாமகேஸ்வரி படங்களுக்கு சப்டைட்டில் எழுதும் வேலைக்குப் போனாள். பேண்டின் வாழ்க்கை வரலாறு அவ்வளவுதான்.

"என்ன உதவி?... பாட்டா? எந்தப் பாட்டு?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பக்கத்தில் யாரோ கொத்து பரோட்டா கொத்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"'கதவைச் சாத்திட்டுப் போ'வா... ம்... அதுக்கு என் சம்மதம் வேணும், ஆமா. வரி என்னோடதுல்ல... நாளைக்குக் காலையில மிக்ஸிங்கா? அப்ப இன்னைக்கே சரின்னு சொல்லணும். சொல்லலைன்னா பாட்டு இல்ல... புரியுது, புரியுது. அடேயப்பா, எவ்ளோ முன்கூட்டியே கேக்குற!"

அவள் எழுதியது நாற்பது பாட்டு இருக்கும். அதில் முப்பத்தொன்பதைத் திலீப் கேட்டிருந்தால், எடுத்துக்கோ என்று அப்போதே சொல்லிவிட்டு வெண்டைக்காய் வாங்கப் போயிருப்பாள். இந்த ஒன்று அப்படி இல்லை. இது அவளுடையது. அந்த வருஷங்களில் அவள் சொன்ன ஒரே உண்மை இந்தப் பாட்டில்தான் இருந்தது. வேறு எங்கேயும் அதை அவள் சொல்லி வைக்கவில்லை.

"என்ன மாதிரிப் படம்?... ரொமான்டிக் காமெடியா! சபாஷ். இரு, சீன் என்னன்னு நீ சொல்லாத, நான் சொல்றேன். ஹீரோவுக்குக் கடைசி ரீல்ல ஞானம் வருது... ஆமாவா? டாக்ஸி கிடைக்கல. அதனால ஓடுறான்... ஓடுறான்ல? பாத்தியா! ஏன்டா, சிங்கப்பூர்ல எத்தனை பஸ் ஓடுது, எத்தனை ரயில் ஓடுது, உங்க ஹீரோ மட்டும் எதுக்குடா ஓடணும்? ஒரு கார்டைத் தட்டிட்டு ஏறி உக்காந்தா பாதி நேரத்துல போய்ச் சேரலாமே... சினிமாட்டிக்கா இருக்காதா. சரி சரி. மழை பெய்யுதா?... பெய்யாம இருக்குமா!"

அவள் ஜோசியம் பார்க்கவில்லை. இது அவள் தொழில். மாதத்துக்கு மூன்று நான்கு காதல் நகைச்சுவைப் படங்களுக்கு சப்டைட்டில் எழுதுகிறாள். காது கேளாதவர்களுக்காக 'மென்மையான கிட்டார் இசை ஒலிக்கிறது' என்று அடித்து அடித்து அவள் விரல் தேய்ந்திருக்கிறது. அவள் பார்த்தவரை எல்லாம் ஒரே சமையல் குறிப்புதான். எவனோ ஒருவன் வயிறு எரிந்து எழுதிய ராக் பாட்டை எடுக்க வேண்டியது. டிரம்ஸைக் கழற்றி ஓரமாக வைக்க வேண்டியது. வேகத்தைப் பாதியாக்கி, பாதி பாடிப் பாதி மூச்சு விடும் ஒரு பெண்ணிடம் கொடுக்க வேண்டியது. பிறகு ஹீரோ நனைந்துகொண்டு ஓடும்போது ஒலிக்கவிட்டால், எழுதியவன் எதற்காகக் கத்தினான் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

"டிரம்ஸ் இருக்கா?... எடுத்துட்டியா. பேஸ்?... அதையும் எடுத்துட்டியா. ரொம்ப நன்றி. எங்களை எல்லாம் துடைச்சி எடுத்துட்டு அந்தப் பாட்டுல யாருதான் இருக்கா?... தாரணியா? யாரு அது, புதுப் பொண்ணா?... இன்டிமேட்டா பாடுவாளா. அதான், காதுக்குள்ள மூச்சு விடுற மாதிரி... தெரியும் தெரியும். அந்தப் பொண்ணுக்கு ஒரு இன்ஹேலர் வாங்கிக் குடுத்துடு, பாவம்... சரி, இன்னும் என்ன?... சின்ன மாத்தமா?... ஒரே ஒரு வார்த்தையா? எந்த வார்த்தை?"

கேட்டுக்கொண்டே தே ஆலியாவைக் கையில் எடுத்தவள், குடிக்காமலே மறுபடி மேசையில் வைத்தாள்.

"'போ'வை எடுத்துட்டு 'வா' போடணுமா?... கதவைச் சாத்திட்டு... வா."

எதிரில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். உமாமகேஸ்வரி அவரைப் பார்த்து மரியாதையாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, போனுக்குத் திரும்பினாள். சிரிப்பு அவரோடு நின்றுவிட்டது.

"டேய், ஏர்கான் ஓடுது, கரண்ட் பில் ஏறுது, கதவைச் சாத்திட்டு வாடின்னு எங்கம்மா தினமும் சொல்வாங்க. அது காதல் இல்லடா... எப்படித் தப்பா எடுத்துக்காம இருக்கிறது? நீ ஒரு வார்த்தைங்கிற. அந்தப் பாட்டுல இருக்கிறதே அந்த ஒரு வார்த்தைதான். மத்ததெல்லாம் அதுக்குப் பக்கவாத்தியம்... சரி, கத்தல. கத்தாமலே கேக்குறேன். கதை என்ன? 'வா'ன்னு யாரு, யார்கிட்ட சொல்றாங்க?... ம்... ஆமா... ஆமா... ஹீரோ ஒரு பாடகன்... ம்... சென்னைக்குப் போறான்... ஆறு மாசத்துல வந்துடுவேன்னு சொல்லிட்டு... ம்... வரல... சரி... அந்தப் பொண்ணு?"

"காத்திருக்காளா."

"எங்க காத்திருக்கா?... செங்காங்லயா... ரெண்டு பேரும் சேந்து எழுதிப் போட்ட வீட்லயா?"

இந்த ஊரில் மோதிரம் நீட்டி, மண்டி போட்டு யாரும் கல்யாணத்துக்குக் கேட்பதில்லை. 'வீட்டுக்கு எழுதிப் போடலாமா?' என்று கேட்பார்கள். அரசாங்க வீட்டுக்குச் சேர்ந்து விண்ணப்பித்துவிட்டால் பாதித் தாலி ஏறிய மாதிரி. அப்படித்தான் திலீப்பும் உமாமகேஸ்வரியும் செங்காங்கில் ஒரு வீட்டுக்கு எழுதிப் போட்டார்கள். குலுக்கலில் நம்பரும் விழுந்தது. நம்பர் விழுந்த வாரத்திலேயே, சென்னையில் ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது, ஆறே மாதம் என்றான் திலீப். ஜோடிக்குக் கொடுக்கிற வீட்டை ஜோடியில் பாதிக்குக் கொடுக்க மாட்டார்கள். அவள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். தனி ஆளுக்கு வீடு தரும் முப்பத்தைந்து வயசு வரும்வரை பொறுத்திருந்து, பிறகு அதே செங்காங்கில் தன் பெயரில் ஒரு சின்ன வீட்டை வாங்கிக்கொண்டாள்.

"திலீப், அவ காத்திருக்கல... படத்துல இருக்கலாம், அது உங்க டைரக்டர் இஷ்டம். ஓ, கதையும் உன்னோடதா? அப்ப நல்லா கேட்டுக்க. அவ காத்திருக்கல. அவ வேலைக்குப் போனா. பல்லு புடுங்கிக்கிட்டா. ரெண்டு பேரோட பழகிப் பாத்தா, அதுல ஒருத்தரு ரொம்ப நல்லவரு, சரியா வரல. அவ பாட்டுக்கு இருந்தா. சன்னல் ஓரம் நின்னு மழையைப் பாத்துக்கிட்டிருக்க அவளுக்கு நேரம் இல்ல... என்னது?... கதவைத் திறக்கணுமா? எந்தக் கதவை?... நீ இப்ப எங்க இருக்க?"

அவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

"தெம்பனிஸ்லயா? எங்க பழைய வீட்டு வாசல்லயா?... பெல்லை அடிக்காத... டேய், அடிக்காத!... அடிச்சிட்டியா. சரி, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. அசையாம அப்படியே நில்லு. திறக்கிறது நான் இல்ல. நான் தேக்கால காய்கறிப் பையோட உக்காந்திருக்கேன்... அந்த வீட்டை வித்தாச்சு லா. எப்பவோ வித்தாச்சு. அம்மா அண்ணன் வீட்ல இருக்காங்க. கதவு திறக்குதா? கண்ணாடி போட்ட அக்கா ஒருத்தங்களா?... அவங்கதான் வாங்கினாங்க. பேரு பதுருன்னிசா. சலாம் சொல்லு. திருதிருன்னு முழிக்காத, போனை அவங்ககிட்ட குடு."

"அக்கா, நான் உமா பேசுறேன்... நல்லா இருக்கேன் கா... இல்ல கா, திருடன் இல்ல, பழைய கூட்டாளி... ஆமா, வழி தவறிட்டான்... கையில என்ன வச்சிருக்கான்?... கிட்டாரா!... ஐயோ, பூவுமா?... இல்ல கா, உங்களுக்கு இல்ல, தப்பா நினைச்சுக்காதீங்க... சோறெல்லாம் வேணாம் கா, கொஞ்சம் தண்ணி குடுத்தா போதும்... ஆமா கா, நீங்க தொழுகைக்குப் போங்க. அவன் வெளியிலயே நின்னு பேசிட்டுப் போயிடுவான். நானே அனுப்பி வச்சுடுறேன்."

உமாமகேஸ்வரிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. மேசையில் முழங்கையை ஊன்றி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கிட்டாரும் பூவுமாக ஒருவன் தெம்பனிஸ் பிளாக்கில் யாரோ ஒரு அக்காவின் வீட்டு மணியை அடித்துவிட்டு நிற்கிறான். இதைப் படத்தில் வைத்தால் மழையே தேவைப்படாது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வந்திருக்கிறான். வீடு மாறி, ஊர் மாறி, வயசு மாறிய பிறகுதான் என்றாலும், வந்துதான் இருக்கிறான்.

"சிரிக்கல... சரி, சிரிச்சேன். நீயே சொல்லு, சிரிக்காம என்ன பண்ண?... தண்ணி குடிச்சியா?... எந்தக் கதவு?... எதிர்வீடா? அது சுசீலா ஆன்டி வீடு. அவங்களும் இப்ப அங்க இல்ல... ஆமா... ஆமா, நம்ம பிராக்டிஸ் பண்ணா வந்து வந்து சத்தம் போடுவாங்க, ஞாபகம் இருக்கு... அவங்களைப் பத்தின பாட்டா? எது?"

"என்ன சொன்ன?"

"திலீப், நீ விளையாடுறியா?"

அவன் விளையாடவில்லை. அது அவன் குரலிலேயே தெரிந்தது. சென்னைக்குக் கிளம்பும்வரை இருந்த சில மாதங்களில், 'கதவைச் சாத்திட்டுப் போ'வைப் பாடுவதற்கு முன்னால் திலீப் ஒவ்வொரு மேடையிலும் ஒரு ஜோக் சொல்வான். 'சத்தத்தைக் குறைங்கன்னு வாரம் தவறாம வந்து சண்டை போட்ட எதிர்வீட்டு ஆன்டிக்கு இந்தப் பாட்டு' என்பான். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். பின்னால் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்கும் உமாமகேஸ்வரி சிரிக்க மாட்டாள். பாட்டு யாரைப் பற்றியது என்று அவனுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே நாலு பேர் முன்னால் மழுப்புகிறான் என்று அவள் நினைத்தாள். அந்த மழுப்பலைத்தான் அவளால் மன்னிக்க முடியாமல் இருந்தது. சென்னைக்குப் போனதைக்கூட எப்போதோ மன்னித்துவிட்டாள். இப்போது பார்த்தால், மழுப்பவே இல்லை. அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. அயோக்கியன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தவன் வெறும் மக்கு. இதில் எது மோசம் என்று அவளால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

"சரி, நான் ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. 'சாவிய மேசை மேல வை'ன்னு ரெண்டாவது சரணத்துல வருதுல்ல... வருது. சுசீலா ஆன்டிகிட்ட எங்க வீட்டுச் சாவி எப்படிடா வந்துச்சு?... இல்ல, யோசி. அடுத்த வரி என்ன? 'உன் செருப்ப மறக்காம மாட்டிக்கிட்டுப் போ.' எதிர்வீட்ல இருக்கிறவங்க நம்ம வாசல்ல எதுக்குச் செருப்பைக் கழட்டி விடுறாங்க? அங்க கிடந்தது யாரு செருப்பு? எங்க வீட்டுச் சாவி வேற யார்கிட்ட இருந்துச்சு?... யோசி லா. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

தோசைப் பெரியவர் கை கழுவ எழுந்து போனார். அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த பெண், உமாமகேஸ்வரியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

"...ஆமா... ஆமா, நீதான்... முழுப் பாட்டும்தான்... சென்னைக்குப் போறேன்னு நீ சொன்ன அன்னைக்கு எழுதினது. மறுநாள் உன் கையில குடுத்தேன். படிச்சிட்டு என்ன சொன்ன தெரியுமா? 'ஆன்டியை நல்லா கலாய்ச்சிருக்க'ன்னு சொன்ன... ஆமா, அப்பவே சொல்லியிருக்கலாம். பாட்டா எழுதிக் குடுத்தே புரியாத ஆளுகிட்ட வேற எந்த பாஷையில போய்ச் சொல்றது?... இளமாறனுக்கா? அவனுக்கு முதல் நாளே புரிஞ்சிடுச்சு. சவுண்டு பாத்த பையனுக்குப் புரிஞ்சிடுச்சு. சுசீலா ஆன்டிக்கே புரிஞ்சிடுச்சு டா! மறுவாரம் ரசம் வச்சிக் கொண்டாந்து குடுத்துட்டு, ஒண்ணும் கேக்காம போனாங்க... ஹலோ?... இருக்கியா?"

கிண்டல் எல்லாம் அவளிடமிருந்து எங்கேயோ போய்விட்டிருந்தது.

"சாரி வேணாம்... இல்ல, நிஜமாவே வேணாம். ஒண்ணு பண்றியா? பாடு... இப்பத்தான். அங்கயேதான், அந்த வாசல்லயே... கிட்டாரைக் கீழ வை. பூவையும் வை. மெதுவா பாடு, அக்கா தொழுறாங்க... 'வா' இல்ல. நான் எழுதின மாதிரி பாடு."

அவள் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டாள். முதலில் சினிமாக் குரல்தான் வந்தது, வழவழவென்று, மேடைக்கு ஏற்ற குழைவோடு.

"நிறுத்து. இங்க யாரும் கை தட்டப் போறது இல்ல. முதல்லேர்ந்து பாடு."

இரண்டாவது தடவை குழைவு இல்லை. யாரிடமோ சொல்வது போல் முதல் சரணம் போயிற்று. சாவி வரியில் குரல் தடுமாறியது. செருப்பு வரிக்கு வந்தபோது ராகமே இல்லை, வெறும் சொற்கள் மட்டும் ஒவ்வொன்றாக வந்தன. 'போ' என்ற இடத்தில் சொல்ல முடியாமல் நின்று, பிறகு சொன்னான். உமாமகேஸ்வரி அழுதாள். கர்சீப்பால் மறைக்காமல், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், தட்டுகளின் இரைச்சலுக்கு நடுவில் அழுதாள். யார் என்ன சொன்னாலும் அது அவனுக்காக இல்லை. பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் சிரிக்காமல் நின்றாளே ஒரு பெண், அவளுக்காக.

"...ம்... கேட்டேன்... முழுசாக் கேட்டேன் லா... நல்லா இல்ல. சுருதி போச்சு, தாளமும் போச்சு. ஆனா இத்தனை மேடை ஏறி நீ அதைப் பாடினதே இல்லடா. இன்னைக்குத்தான் பாடியிருக்க... படத்துக்கா?... இல்ல, தர மாட்டேன். கோபம் இல்ல. உங்க படத்துல ஒருத்தன் போறான், ஒருத்தி கதவைத் திறந்து வச்சிட்டு உக்காந்திருக்கா. அதுக்கு வேற பாட்டு எவ்வளவோ இருக்கு. தாரணி நல்லாப் பாடட்டும், நானே சப்டைட்டில் எழுதித் தரேன்... ஆமா, காசு வாங்காமலே... நல்லா ஓடட்டும், நிஜமாத்தான் சொல்றேன்."

"பூவை அக்காகிட்டயே குடுத்துடு, சந்தோஷப்படுவாங்க... கிளம்பட்டுமா?... ம்? என்ன கேளு."

அவன் கேட்டதைக் கேட்டுவிட்டு அவள் காலடியில் இருந்த காய்கறிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பவா?... ஆமா, உன்னைப் புடிச்சிருந்துச்சு. ரொம்ப. உனக்குத் தெரிஞ்சதைவிட ரொம்ப."

"இப்பவா?... இல்ல திலீப். இப்ப இல்ல... பொய் சொல்லலடா. இருந்திருந்தா உன்கூட இவ்வளவு நேரம் சிரிச்சிப் பேசியிருக்க முடியாது."

மறுமுனையில் என்ன பதில் வருகிறது என்று கேட்க அவள் காத்திருக்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.